மலைநாட்டுப் பாதைகளும் பிரதிநிதித்துவமும்

கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வசமான காலத்தில், அட்டன் என்ற பெயருடைய ஊர் இலங்கைப் படத்தில் இல்லை. மகாவலிக்கும் களனிக்கும் தலைநீர் வழங்கும் அம்மலைத்தொடர் பெரும்பாலும் அடர்ந்த வனமாய்க் கிடந்தது. சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர் மிதித்துப் பழகிய ஒற்றையடிப் பாதைகளே அவ்வனத்தினூடே சென்ற வழிகள். நுவரெலியாச் சமவெளியிலும் ஆங்கிலேயர் கண் உடனே விழவில்லை. வைத்தியர் ஜோன் டேவி 1819ஆம் ஆண்டில் அங்கு சென்று அதன் குளிர்ந்த தட்பவெப்பத்தைப் பற்றி எழுதிய பின்னரே அவர்கள் கவனம் அங்கு திரும்பிற்று. தேசாதிபதி எட்வர்ட் பார்ண்ஸ் தாம் தங்குவதற்கென அங்கே மாளிகை ஒன்று எழுப்பினார். மாளிகை எழுந்தபின் அதற்கு வழி வேண்டுமன்றோ? மலைநாட்டுப் பாதைகளின் வரலாறு இவ்வாறு தொடங்குகிறது.

ஒரு நாட்டின் பாதைகள் யார் பொருட்டு, யார் கையால், எத்திசை நோக்கி வெட்டப்பட்டன என்று வினவினால், அந்நாட்டு ஆட்சியின் இயல்பு ஓரளவு விளங்கும். மலைநாட்டைப் பொறுத்தவரை இவ்வினா இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அங்கே பாதைகளை வகுத்த கணக்கே பின்னர் உள்ளூராட்சி எல்லைகளையும் தேர்தற் தொகுதிகளையும் வகுத்தது. அக்கணக்கில் தோட்டத் தொழிலாளரின் தலை எண்ணப்பட்ட இடங்கள் உண்டு. அவர்தம் குரல் எண்ணப்படாத இடங்களோ அவற்றினும் பல.

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதி பார்ண்சின் காலமாகிய 1820களில் வெட்டப்பட்டது. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியமுறையின் கீழ்ச் சிங்களக் குடிகள் அவ்வேலைக்கு அழைக்கப்பட்டனர். கோல்புறூக்கின் பரிந்துரையை ஏற்று 1830களின் தொடக்கத்தில் அம்முறை ஒழிக்கப்பட்டது. பாதை வெட்டும் படையணிகளில் தென்னிந்தியத் தமிழரும் சேர்க்கப்பட்டனர். கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் வேலை பெருகுமுன்னரே மலைநாட்டுப் பாறைகளிற் கடப்பாரை பிடித்தோருள் தமிழரும் இருந்தனர் என்பது பலர் கவனியாத செய்தி. தோமஸ் ஸ்கின்னர் என்னும் அதிகாரி பல்லாண்டுகள் இப்பணியை நடத்திப் புகழெய்தினார். வீதிகளுக்கு அவர் பெயர் நிலைத்தது. வெட்டியவர் பெயர் எவ்வேட்டிலும் ஏறவில்லை.

கோப்பிக் காலத்திலே தொழிலாளர் வந்த பாதை வேறொன்று. மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளூடே தம்புள்ளையைக் கடந்து, மாத்தளை வரையில் அவர்கள் கால்நடையாகவே வந்தனர். காய்ச்சலும் பேதியும் அவ்வழியிற் கொண்டு சென்றோர் தொகை பெரிது. அரசாங்கம் கொழும்புக் கண்டி வீதிக்குச் செலவிட்ட பணத்தையும் கவனத்தையும் இந்த வடக்குப் பாதையில் நெடுங்காலம் செலவிடவில்லை. காரணம் எளியது. முந்தியது விளைபொருள் கீழிறங்கும் வழி. பிந்தியது விளைவிப்போர் மேலேறும் வழி. தனுஷ்கோடி தலைமன்னார்ப் படகுச் சேவையும் அதனோடிணைந்த புகையிரதமும் 1914ஆம் ஆண்டில் ஏற்பட்டபோது, கோப்பி அழிந்து தேயிலை மலையெங்கும் பரந்து பல்லாண்டுகள் ஆகியிருந்தன.

1869ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை வீழ்த்தியது. அதற்கு இரண்டாண்டு முன்னரே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை நட்டுவிட்டார். கொழுந்து பறித்த அன்றே ஆலைக்குச் செல்லல் வேண்டும். ஆகவே தேயிலை தன்னுடன் ஆலையையும் சாலையையும் கொண்டு வந்தது. நாவலப்பிட்டிக்கு 1874இல் வந்த புகையிரதம் 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிற்று. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலையைக் குடைந்து சுரங்கம் அமைத்தனர். ஸ்கொட்லாந்து நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பெயரைத் தாங்கிய அட்டன், புகையிரத நிலையத்தால் ஊராயிற்று. திக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய பள்ளத்தாக்குகளின் தேயிலைப் பெட்டிகள் யாவும் அங்கு வந்து சேர்ந்தன. தோட்டங்களுக்கு வேண்டிய அரிசி மூடைகள் அங்கிருந்தே புறப்பட்டன.

தோட்டப் பாதைகளுக்கு ஆகும் செலவிற் பாதியைத் துரைமாரும் மறுபாதியை அரசாங்கமும் ஏற்கும் ஏற்பாடு அந்நாளிற் பரவலாக இருந்தது. பாதை எங்கே செல்லவேண்டும் என்று தீர்மானிக்கும் வாய்ப்பும் இதனால் துரைமார்க்குக் கிடைத்தது. அவர்தம் சங்கம் 1854ஆம் ஆண்டிற் கண்டியிலே தோன்றியது. சட்டநிரூபண சபை 1833இல் அமைந்த நாள்முதல் ஐரோப்பியருக்கு அதில் ஆசனங்கள் இருந்தன. 1910ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் நாட்டுப்புற ஐரோப்பியர்க்கெனத் தனி ஆசனமே வழங்கிற்று. எண்ணிக்கையால் மிகச் சிறிய அக்கூட்டத்தார் பாதை வேண்டும், பாலம் வேண்டும், புகையிரதம் வேண்டும் என்று கேட்டனர். கேட்டவை பெரும்பாலும் கிடைத்தன.

இன்று அட்டனில் நின்று சுற்றிப் பார்ப்போர் இதன் விளைவை நேரிற் காணலாம். ஓடை ஒன்றின் இருகரையிலும் இரண்டு தோட்டங்கள் இருக்கும். கூப்பிட்டாற் கேட்கும் தூரமே இருக்கும். ஆயினும் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு வண்டியிற் செல்ல வேண்டுமாயின் பெருவீதிக்கு இறங்கிப் பல கல் சுற்றி ஏறல் வேண்டும். ஆலையையும் துரை பங்களாவையும் பெருவீதியோடு இணைத்த பாதைகள், லயத்தை லயத்தோடு இணைக்கவில்லை. அயற்றோட்டத்து மக்கள் கலந்து பேசுவதற்குத் திருவிழாவும், சம்பளம் வாங்கியபின் கடைத்தெருவிற்கு வரும் நாளும் தவிர வேறு வாய்ப்பு அரிது. அப்பாதைகள் தோட்டத்தின் தனியுடைமை. அனுமதியின்றி உட்புகுவோர் மீது அத்துமீறற் குற்றம் சாட்டலாம்.

இத்தடையை நன்கு அறிந்தவர் கோ. நடேச ஐயர். தஞ்சைச் சீமையிலிருந்து வந்து பத்திரிகை நடத்திய அவர், துணி வியாபாரியைப் போல் வேடங்கொண்டு தோட்டங்களுட் புகுந்தார் என்பது மலையகத்தில் வழிவழியாய்ச் சொல்லப்படும் செய்தி. இந்தியர்க்கென ஒதுக்கிய ஆசனமொன்றில் 1925ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் வெற்றிபெற்றுச் சட்டநிரூபண சபைக்குச் சென்றார். எனினும் அக்காலத்து வாக்குரிமை வருமானமும் கல்வியும் உடையோர்க்கு மட்டுமே உரியது. தாம் யார் பொருட்டு வாதாடினாரோ அவர்களின் வாக்கால் அவர் வரவில்லை. 1931இல் அவர் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அட்டனை நிலைக்களனாய்க் கொண்டது. அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் மேடைகளிற் பாடி மக்களைத் திரட்டினார். படிப்பறிவு பரவாத இடத்திலே பாட்டு செய்த வேலையைப் பத்திரிகை செய்திருக்க இயலாது.

டொனமூர் யாப்பு 1931ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை என்பது அன்று ஆசியாவிற் புதுமை. தோட்டத் தொழிலாளர்க்கோ அஃது அப்படியே கிட்டவில்லை. இலங்கையில் நிலையாகக் குடியிருப்பதற்குச் சான்று காட்டல் வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. அவ்வளவு தடையிருந்தும் ஏறக்குறைய 1 இலட்சம் இந்தியத் தமிழர் வாக்காளராய்ப் பதிந்தனர். அட்டன் தொகுதியில் வழக்கறிஞர் பெரி சுந்தரமும் தலவாக்கலைத் தொகுதியில் எஸ். பி. வைத்தியலிங்கமும் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். பெரி சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தகம் ஆகியவற்றின் அமைச்சரானார். 1936இல் அட்டன் ஆசனம் நடேச ஐயருக்குக் கிடைத்தது.

நாட்டின் உயர்சபையில் அமைச்சராக ஒருவர் இருந்த அக்காலத்திலும், தோட்டத் தொழிலாளிக்குத் தம் அயற் கிராமத்துச் சங்கத்தில் வாக்கில்லை. 1889ஆம் ஆண்டுக் கிராமச் சங்கக் கட்டளைச் சட்டம் ஐரோப்பியர், பறங்கியர், இந்தியத் தொழிலாளர் ஆகியோரை அதன் வட்டத்துக்கு வெளியே வைத்தது. ஐரோப்பியரை விலக்கியதால் அவர்க்குக் குறையேதும் நேரவில்லை. தேசாதிபதியோடு பேசுவார்க்குக் கிராமச் சங்கம் எதற்கு? 1930களின் பிற்பகுதியில் இப்பாகுபாட்டை நீக்க முயற்சி எழுந்தபோது எதிர்ப்பும் எழுந்தது. முடிவில் இனப்பெயர் சட்டத்திலிருந்து மறைந்து, தோட்டத்தில் வதியும் தொழிலாளர் என்ற சொற்றொடர் அவ்விடத்தில் அமர்ந்தது. சொல் மாறியது, விலக்கு நின்றது. குடிமதிப்பும் இதே வழியிற் சென்றது. பிறநாடுகளில் மக்கள் நகரத்தார், கிராமத்தார் என இருவகையினராய் எண்ணப்படுவர். இலங்கையிலோ நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று பிரிவுகள் இருந்து வருகின்றன.

இவ்விடத்தில் பிலிப்பைன் தீவுகளின் பாகியோ நகரை ஒப்புநோக்குதல் பயனுடையது. நுவரெலியாவை ஆங்கிலேயர் அமைத்ததுபோல், வெப்பத்திற்கு அஞ்சிய அமெரிக்கர் லூசோன் மலைமேல் பாகியோவை அமைத்தனர். கென்னன் வீதி 1905இல் திறக்கப்பட்டது. 1909இல் பாகியோ நகரத் தகுதி பெற்றது. அங்கும் இபலோய் என்னும் மலைக்குடியினரின் மேய்ச்சல் நிலத்தின்மீதே ஆள்வோரின் மாளிகைகள் எழுந்தன. ஆயினும் இன்று அந்நகரம் நூற்றுக்கு மேற்பட்ட பரங்காய் என்னும் சிறு வட்டாரங்களாய்ப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றிற்கும் குடிகளே தெரிந்தெடுக்கும் தலைவரும் அவையும் உண்டு. வீட்டு வாயிற் பாதை பழுதுற்றால் எவரைக் கேட்பது என்பது அங்கு வாழ்வார்க்குத் தெரியும். லயத்தில் வாழ்வார்க்கு நெடுங்காலம் விடை கிடையாத வினா இதுவே.

சோல்பரி யாப்பின்படி 1947இல் நடந்த தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜீ. ஆர். மோத்தா, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் என்று புகையிரதப் பாதையை ஒட்டியே அவ்வெற்றிகள் தொடர்ந்தன. வேறு சில தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர் வெல்வதற்கும் தோட்ட மக்களின் வாக்குத் துணைநின்றது. ஆட்சியாளர் இதனைக் கவனியாது விடவில்லை.

அடுத்த ஆண்டு வந்த 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவரும் தம் தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமையை நிறுவல் வேண்டும் என்று விதித்தது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயங்களில் மூன்று தலைமுறைக்குச் சான்று தேடுவது எங்ஙனம்? 1949இல் பதிவின் மூலம் பிரசாவுரிமை பெறும் வழியொன்று வகுக்கப்பட்டது. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. முடிவில் ஏற்கப்பட்டோர் தொகை ஒன்றரை இலட்சத்தையும் எட்டவில்லை. அதே 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் வாக்குரிமையைப் பிரசாவுரிமையோடு பிணைத்தது. 1952இல் கொழும்பில் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் நடத்திற்று. அவ்வாண்டுத் தேர்தலில் முன்னர் வென்ற ஏழு ஆசனங்களுள் ஒன்றுகூட அதற்கு எஞ்சவில்லை.

வாக்கு நீக்கத்தைப் பற்றி எழுதினோர் பலர். எல்லைக் கணக்கைப் பற்றி எழுதினோர் சிலரே. சோல்பரி யாப்பின்படி ஒரு மாகாணத்தில் 75,000 மக்களுக்கு ஓர் ஆசனமும், 1,000 சதுர மைல் பரப்பிற்கு மேலும் ஓர் ஆசனமும் உரியன. மக்கள் என்றாற் பிரசைகள் மட்டுமல்லர். குடிமதிப்பில் எண்ணப்பட்ட யாவரும் அடங்குவர். ஆகவே வாக்குரிமை இழந்த தோட்டத் தொழிலாளரும் அவர்தம் குழந்தைகளும் ஆசனங்களின் தொகையைக் கூட்டுவதற்கு முழுமையாய் எண்ணப்பட்டனர். அவ்வாறு கூடிய ஆசனங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தவர்களோ தொகுதியில் எஞ்சிய சிறுபான்மை வாக்காளர். 1959ஆம் ஆண்டில் தொகுதிகள் மீண்டும் வகுக்கப்பட்டபோதும் தலைக்கணக்கே அளவுகோலாய் இருந்தது. மலைநாட்டுக் கிராமத்தவர் ஒருவரின் வாக்கு கரையோரத்தவரின் வாக்கைவிடக் கனமுடையதாயிற்று. அக்கனத்தைக் கொடுத்தவர் லயத்தில் இருந்தார். கண்டிச் சிங்களக் கிராமத்தவரும் கோப்பிக்கும் தேயிலைக்கும் நிலமிழந்தவரே ஆதலால் அவர்க்குப் பிரதிநிதித்துவம் கூடியதைக் குறைகூறுவது பொருந்தாது. ஒருவரை எண்ணிக்கைக்குச் சேர்த்துக்கொண்டு, அவ்வெண்ணிக்கையின் பயனை அவர்க்கு மறுத்ததே அநீதி.

தொண்டமான் 1960இலும் 1965இலும் நியமன உறுப்பினராகப் பிரதிநிதிகள் சபைக்குச் சென்றார். இடையே 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், மீதி 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதென்றும் அதில் முடிவாயிற்று. தமக்கென வாக்கில்லாதவரின் வாழ்வை இரு தலைநகரங்கள் இலக்கங்களாய்ப் பகிர்ந்துகொண்டன. அக்காலத்தில் அட்டன் நிலையத்திற் புறப்பட்ட வண்டிகளில் ஒரு குடும்பத்தின் பாதி ஏறியிருக்க, மறுபாதி மேடையில் நின்று அழுத காட்சி மலைநாட்டில் இன்னும் மறக்கப்படவில்லை.

மஸ்கெலியா கண்ட மாற்றம் வேறுவகையினது. மவுசாகலை அணை 1969இல் முற்றுப்பெற்றபோது பழைய மஸ்கெலியாக் கடைத்தெருவும் பாதையும் கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் நீருள் அமிழ்ந்தன. ஊர் மேட்டு நிலத்திற்குப் பெயர்ந்தது. கடும் வறட்சியில் நீர் வற்றுங்கால் அப்பழைய கட்டடங்கள் வெளித்தோன்றும். மக்கள் இறங்கிச் சென்று பார்த்து வருவர். மின்சாரம் வேண்டுமென்று கருதிய அரசாங்கம் ஒரு பட்டினத்தையும் அதன் வீதிகளையும் சில ஆண்டுகளில் மாற்றியமைத்தது. லயத்துப் பாதை மாறாமைக்கு மலையின் செங்குத்தே காரணம் என்பாரின் வாதம் இதனால் வலுவிழக்கிறது.

1976ஆம் ஆண்டுப் பிரிப்பில் நுவரெலியா மஸ்கெலியா என்னும் தொகுதி மூன்று உறுப்பினரைக் கொண்டதாய் அமைந்தது. 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க ஆகியோருடன் தொண்டமானும் தெரிவானார். 1947க்குப் பின் மலைநாட்டுத் தமிழர் ஒருவர் மக்கள் வாக்கால் பாராளுமன்றஞ் சென்றது முப்பதாண்டு கழிந்த பின்னரே. 1978ஆம் ஆண்டு யாப்பு ஆசனக் கணக்கை மாற்றிற்று: மாவட்டங்களின் ஆசனங்கள் பெரும்பாலும் பதிந்த வாக்காளர் தொகையைக் கொண்டே வகுக்கப்படுவன ஆயின. 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் வந்த சட்டங்கள் நாடற்றோர் என்ற நிலையைப் படிப்படியாய் நீக்கின. வாக்காளர் பெருகவே நுவரெலியா மாவட்டத்தின் ஆசனங்கள் ஏழிலிருந்து 2015ஆம் ஆண்டுத் தேர்தலில் எட்டாயின.

மேல்நிலையிற் கணக்குச் சீரான பின்னரும் கீழ்நிலையில் அது சீராகவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் கிராமச் சங்கங்களின் வாரிசைப் போன்றது. தோட்ட மக்கள் அச்சபைகளுக்கு வாக்களித்தனர். தோட்டத்தைச் சேர்ந்தோர் உறுப்பினராயும் தவிசாளராயும் வந்தனர். எனினும் சபையின் பணத்தைத் தோட்டத்தின் உள்ளே செலவிடுவதற்கு அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாயிருந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாகி, 1992இல் முகாமைக்கென மீண்டும் கம்பனிகளிடம் சென்ற தோட்டங்களின் பாதைகளைச் சபையும் தொடவில்லை. கம்பனிகளும் கொழுந்து லொறி ஓடும் அளவுக்கு மேல் அவற்றைப் பேணுவதிற் கருத்துச் செலுத்தவில்லை. பிள்ளைப்பேற்று வேதனையுற்ற பெண்ணைக் கம்பளியிற் கிடத்தித் தோளிற் சுமந்து பெருவீதிக்குக் கொண்டுவந்த நிகழ்ச்சிகள் பல தோட்டங்களில் உண்டு.

சபைகளின் அளவும் வியப்புக்குரியது. 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நுவரெலியா மாவட்டத்தில் 7,11,644 பேர் வாழ்ந்தனர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் மலைநாட்டுத் தமிழர். அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரு பிரதேச சபைகளும் ஒவ்வொன்றும் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்தன. யாழ்ப்பாணத்துக் காரைநகர்ப் பிரதேச சபையோ ஏறத்தாழ 10,000 மக்களுக்கு அமைந்தது. காரைநகருக்குச் சபை இருப்பது நன்றே. பொகவந்தலாவையிலிருந்து ஒரு விளக்குக்கம்பம் கேட்பதற்குக் கினிகத்தேனைப் பக்கம் வரையில் ஏன் செல்ல வேண்டும் என்பதே கேள்வி.

2018ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் நாள் நடந்த உள்ளூராட்சித் தேர்தலின்போது இவ்விரு பெருஞ்சபைகளும் ஆறாய்ப் பிரிந்திருந்தன. அம்பகமுவயிலிருந்து மஸ்கெலியாவும் நோர்வூட்டும், நுவரெலியாவிலிருந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் தனிச் சபைகளாயின. நுவரெலியா மாநகர சபை, அட்டன் திக்கோயா நகர சபை, தலவாக்கலை லிந்துல நகர சபை ஆகியவற்றையும் சேர்த்து மாவட்டத்தின் உள்ளூராட்சி மன்றங்கள் பன்னிரண்டு ஆயின. அதே ஆண்டிற் பாராளுமன்றம் பிரதேச சபைச் சட்டத்தையும் திருத்தித் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணி செய்ய வழி திறந்தது.

ஆகவே 1889இல் விழுந்த தடை சட்டப் புத்தகத்திலிருந்து நீங்குதற்கு ஏறக்குறைய 130 ஆண்டுகள் சென்றன. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, வாக்கு சபைக்குரியது என்ற மூவகை உரிமை மட்டும் இன்னும் தீரவில்லை. பெருவீதியிலிருந்து பிரிந்து ஆலையைக் கடந்து லயத்திற்கு ஏறும் அந்தக் கடைசி அரைக்கல் பாதையைச் செப்பனிட வேண்டுமாயின், மூவர் மேசையிலும் அவ்விண்ணப்பம் ஏறி இறங்கல் வேண்டும்.